மேரி மேக் கப்பல் ஏறிய கதை

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் பேத்தி, தோழியோடு எதிரெதிரே நின்று கைதட்டிக்கொண்டே ‘மிஸ் மேரி மேக்’ என்று ஒரு பாட்டுப் பாடுகிறாள். அந்த நாட்டு உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட ‘மெரிமேக்’ கப்பல்தான் மேரி மேக், கறுப்பு உடை அதன் இரும்புக் கவசம், முதுகிலுள்ள வெள்ளிப் பொத்தான்கள் அதன் ஆணிகள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எவ்வளவு ஆழமான பாட்டு! வாசகர்களுக்கும் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் ஆழம் என்று யார் சொன்னது அம்மா?

பேர் ஒத்துப்போகிறது என்பதைத் தவிர இந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது. 1861-இல் வடக்குப் படை கொளுத்திவிட்டுப் போன மெரிமேக்கைத் தெற்குப் படை மீட்டு, இரும்புத் தகடு போர்த்தி, ‘வர்ஜீனியா’ என்று பேரையும் மாற்றித்தான் 1862 மார்ச்சில் சண்டைக்கு விட்டது. வடக்கத்தியர் பழைய பேரையே சொன்னார்கள் என்பீர்கள், சொன்னார்கள்தான். அப்புறம் பாட்டில் அம்மாவிடம் 50 சென்ட் கேட்டு, யானை வேலி தாண்டுவதைப் பார்க்கப் போகிறாளே, அது என்ன? துள்ளிய யானை வானத்தைத் தொட்டுவிட்டு ஜூலை 4 வரை திரும்பவில்லையாம். கப்பலையோ அந்த மே மாதமே அதன் மாலுமிகளே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இரண்டு அடிக்குப் பொருள் சொல்லிவிட்டு யானையை அம்போவென்று விடுகிற விளக்கம் எனக்கு வேண்டாம்.

ஹென்றி கேரிங்டன் போல்டன் என்று ஒருவர். தொழிலால் வேதியியல்காரர், ஆனால் பிள்ளைகள் ஆட்டத்துக்கு ஆள் எண்ணும் பாட்டுகளைத் தேடித் திரட்டி 1888-இல் புத்தகமாகப் போட்டார். பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டரில் கிடைத்த மேரி மேக் அதில் இருக்கிறாள். அதாவது, நம் தெருவில் ‘இங்கி பிங்கி பாங்கி’ சொல்லி ஆள் பிடிப்பார்களே, அந்த வரிசையில். கறுப்பு உடுத்தி, முதுகெல்லாம் வெள்ளிப் பொத்தான் வைத்தவள் யார் என்ற ஆங்கில விடுகதையும் உண்டு. விடை சவப்பெட்டி! கறுப்புத் துணி போர்த்திப் பளபளக்கும் ஆணி அடித்த அந்தக் காலத்துப் பெட்டி. விடுகதையிலும் ஆள் எண்ணுவதிலும் புழங்கிய அடிகளைத்தான் சிறுமிகள் கைதட்டலுக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எடுத்துக்கொண்டு சும்மா விட்டார்களா? பேத்தியின் கையைக் கவனியுங்கள். ‘மிஸ்’ என்னும்போது கைகள் மார்பில் குறுக்காக, அடுத்துத் தொடையில் ஒரு தட்டு, தன் கையோடு கை ஒரு தட்டு. பிறகு ‘மேக், மேக், மேக்’. முதல் மேக்குக்கு எதிராளியின் வலக்கை, இரண்டாவதற்கு இடக்கை, மூன்றாவதற்கு இரண்டு கையும். பரவலான முறை இது. பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மாறும். இத்தகைய ஆட்டங்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்களில் அமெரிக்கக் கறுப்பினச் சிறுமிகளுக்குப் பெரிய பங்குண்டு. அவர்கள் தாளம் பழகுவதே இங்கேதான், ஹிப்-ஹாப் வரைக்கும் அதன் தடம் இருக்கிறது என்று இசை ஆய்வாளர் கைரா காண்ட் 2006-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

அந்தப் பெருமையைச் சிறுமிகளுக்குக் கொடுக்க மனம் வராத யாரோதான் கப்பற்படைக்கு எழுதி வைத்துவிட்டார்கள். அந்தச் செய்தியை இன்னொரு குழுவுக்கு அனுப்பாமல் இருங்கள், போதும்.