கிளட்ச்: கேள்வி பதில்

மேனுவல் கார் ஓட்டுறவங்க கேட்டதுல, திரும்பத் திரும்ப வர்றதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

அண்ணா, கிளட்ச்சை மிதிச்சா உள்ளே என்னதான் நடக்குது?

மிதிக்காதப்போ என்ன நடக்குதுன்னு முதல்ல பாருங்க தம்பி. இன்ஜினோட சுத்துற கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கும், அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல கிளட்ச் பிளேட் மாட்டிக்கிட்டு நிக்குது. இந்த பிளேட் வழியாத்தான் சுத்து கியர்பாக்ஸுக்கும் டயருக்கும் போகுது. தட்டு மாதிரி இருக்குற டயாஃப்ரம் ஸ்பிரிங் அதை எப்பவும் இறுக்கிப் பிடிச்சிருக்கும். மூணும் ஒண்ணா சுத்தும். பெடலை மிதிச்சா ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கோட நடுவைத் தள்ளும். நடு உள்ளே போனா ஓரம் எதிர்ப்பக்கம் எழும்பும், பிரஷர் பிளேட் பிடியை விட்டுடும். அவ்வளவு பெரிய இன்ஜினை டயர்கிட்ட இருந்து பிரிக்கிறது ஓரிரு மில்லிமீட்டர் விலகல்தான்.

கத்துக்கிட்டு இருக்கேன் சார். கிளட்ச்சை விட்டதும் வண்டி ஆஃப் ஆயிடுது.

நிக்கிற கார்ல இன்ஜின் 800 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 800 சுத்து) பக்கம் சுத்துது, டயர் சுத்தவே இல்லை. இந்த வித்தியாசத்தை பிளேட் கொஞ்ச நேரம் வழுக்கித்தான் சரிக்கட்டணும். சட்டுன்னு விட்டா, நிக்கிற டயர் இன்ஜினையும் நிறுத்திடும். இன்ஜின் சத்தம் லேசா இறங்குற இடத்துல காலை அப்படியே நிறுத்துங்க. வண்டி நகர ஆரம்பிச்சப்புறம் மீதியை விடுங்க. சமதரையில ஆக்சிலேட்டரே தொடாம பழகிப் பாருங்க, கால் தானா இடத்தைக் கண்டுபிடிக்கும்.

போன வாரம் ஏற்காடு ஏறினோம். கொண்டை ஊசி வளைவில் டிராஃபிக் நின்றபோது கருகின வாடை வந்தது. பயப்பட வேண்டுமா?

பிரேக் போடாம ஹாஃப் கிளட்ச்லயே, அதாவது பெடலைப் பாதி மிதிச்சபடியே, வண்டியை நிறுத்தி வெச்சிருப்பீங்க. நம்ம ஊர்ல பாதிப் பேர் இதைத் திறமைன்னு நினைக்கிறாங்க! முழுசாப் பிடிச்ச பிளேட்டும் தேயாது, முழுசா விட்ட பிளேட்டும் தேயாது; தேய்மானமெல்லாம் நடுவுல வழுக்கும்போதுதான். மேட்டுல அப்படி நிறுத்தினா இன்ஜின் கொடுக்குற சக்தி முழுக்க அங்கேயே சூடாப் போகும்.

நின்னா ஹேண்ட் பிரேக். கிளம்பும்போது சத்தம் இறங்குற இடம் வரைக்கும் கிளட்ச்சை விட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க. செகண்ட்ல இழுக்கலைன்னா கிளட்ச்சை அமுக்கிச் சமாளிக்காம ஃபர்ஸ்ட் போடுங்க. வாடை வந்தா ஓரமா நிறுத்தி ஆற விடுங்க. ஒரு தடவை வந்ததுக்காக பிளேட் மாத்த வேண்டாம். ஆனா மலை இறங்கும்போது கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே வராதீங்க. இன்ஜின் பிடி போயிடும், சுமை மொத்தமும் பிரேக் மேல விழும்.

சிக்னலில் கியர் போட்டு கிளட்ச் மிதித்து நிற்கலாமா?

நியூட்ரல். மிதிச்சே நின்னா ரிலீஸ் பேரிங் வீணா உழைக்கும்.

கிளட்ச் பிளேட் போயிடுச்சு, செட்டா மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். ஏமாத்துறாரா?

முதல்ல நீங்களே பாருங்க. காலி ரோட்டுல 40 கிலோமீட்டர் வேகத்துல நாலாவது கியர் போட்டு ஆக்சிலேட்டரை நல்லா மிதிங்க. ஆர்பிஎம் முள் ஏறுது, வேகம் ஏறலைன்னா பிளேட் வழுக்குது. அவர் சொல்றது உண்மை. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எதை மாத்தணும்னாலும் கியர்பாக்ஸை இறக்கியாகணும். பேரிங்கை மட்டும் விட்டுட்டு, பின்னாடி அதுக்காகத் திரும்ப லேபர் கொடுப்பானேன்?

கழட்டுறப்போ பக்கத்துல நில்லுங்க. பழைய பிளேட்ல ரிவெட் தலை மேல்மட்டத்துக்கு வந்திருந்தா ஆயுசு முடிஞ்சது. ஃப்ளைவீலையும் எட்டிப் பாருங்க. அங்கங்கே நீலம் பாரிச்சிருந்தா கடுமையா சூடாகியிருக்கு. அதைச் சரி பண்ணாம புது பிளேட் போட்டா கிளம்பும்போது வண்டி உதறலாம்.

கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் கரகரன்னு சத்தம்.

பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். மிதிச்சா சத்தம் நின்னு, விட்டா வந்தா கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

என்னுடையது ஏஎம்டி, கியரைத் தானாக மாற்றிக்கொள்ளும் கார். எனக்கு இந்தத் தொல்லையே இல்லையே?

பெடல்தான் இல்லை சார், பிளேட் அதேதான். உங்க காலுக்குப் பதிலா ஆக்சுவேட்டர்னு ஒரு கருவி மிதிக்குது. மேட்டுல ஆக்சிலேட்டரை லேசா அமுக்கியே வண்டியை நிறுத்தி வெச்சா அதுவும் கருகும். பிரேக்கை மிதிங்க.