மாட் செய்யப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு

கே: மைன்கிராஃப்ட் 1.20.1-க்கு ஃபேப்ரிக் என்ற மாட் ஏற்றியில் ஒரு வாள் மட்டும் சேர்க்கும் சின்ன மாட் (விளையாட்டில் நாமே கூட்டும் மாற்றம்) எழுதினேன். பில்டு (குறியீட்டை ஓடும் கோப்பாக்கும் வேலை) கொடுத்ததும் கொட்டை எழுத்தில் ‘பக்!’ என்று ஆரம்பித்து, ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65’ என்று முடிகிறது. ஜாவாவையும் புதிதாக இறக்கிவிட்டேன். வாளில் என்ன தப்பு?

ப: வாளில் ஒரு தப்பும் இல்லை. பில்டை நடத்தும் கருவியான கிரேடில் இன்னும் உங்கள் வாள் பக்கமே வரவில்லை, வாசலிலேயே விழுந்துவிட்டது. அந்த 65-இலிருந்து 44-ஐக் கழியுங்கள், 21 வரும். அதுதான் உங்கள் கணினியில் ஓடும் ஜாவா. 61 என்றால் ஜாவா 17, 52 என்றால் ஜாவா 8. இந்தக் கணக்கு தெரிந்தால் பாதித் தலைவலி போய்விடும்.

ஜாவா 21-இல் ஓட கிரேடில் 8.5 அல்லது அதற்கு மேல் வேண்டும். உங்கள் டெம்ப்ளேட்டில் அதற்கு முந்தையது இருக்கிறது. கிரேடிலை உயர்த்தலாம்தான், ஆனால் நான் அதைச் சொல்லமாட்டேன். மைன்கிராஃப்ட் 1.20.1 கேட்பது ஜாவா 17, அதையே கொடுங்கள். 1.16.5 வரை ஜாவா 8, 1.17-க்கு 16, 1.18 முதல் 1.20.4 வரை 17, 1.20.5 முதல் 1.21 வரிசை வரை 21. ‘எல்லாவற்றிலும் புதுசே நல்லது’ என்ற பழக்கம் மாட் வேலையில் உதவாது. விளையாட்டு எந்த வருடத்தில் நிற்கிறதோ, கருவிகளும் அங்கேயே நிற்க வேண்டும்.

ஜாவா 17-ஐ நிறுவிய பிறகும் இதே பிழை வரலாம், பயப்படாதீர்கள். ஜாவா எந்த ஃபோல்டரில் என்று கருவிகளுக்குச் சொல்லும் ஜாவா ஹோம் என்ற சூழல் மாறி இன்னும் பழைய ஃபோல்டரையே காட்டிக்கொண்டிருக்கும். அதை மாற்றிவிட்டு, திறந்திருக்கும் டெர்மினலை மூடிப் புதிதாகத் திறங்கள். பழைய ஜன்னலுக்கு மாற்றம் தெரியாது. இன்டெல்லிஜே எடிட்டரில் வேலை செய்பவர் என்றால் கிரேடில் அமைப்பில் ‘கிரேடில் ஜேவிஎம்’ (கிரேடில் எந்த ஜாவாவில் ஓட வேண்டும்) என்று தனியாக ஒன்று இருக்கும், அங்கேயும் 17-ஐத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக, பிராஜெக்ட் ஃபோல்டரில் இருக்கும், கிரேடிலை ஓட்டும் ராப்பர் கட்டளையோடு ‘வெர்ஷன்’ கேட்டுப் பாருங்கள். ஜேவிஎம் என்ற வரியில் 17 வந்தால் சரி. நிறுவினேன் என்பது வேறு, ஓடுகிறது என்பது வேறு.

கே: சோர்ஸ் எஸ்டிகே 2013-ஐ (வால்வ் நிறுவனம் மாட் செய்பவர்களுக்குத் தரும் குறியீட்டுத் தொகுப்பு) வைத்து ஹாஃப் லைஃப் 2-க்கு ஒரு மாட் ஆரம்பித்தேன். விஷுவல் ஸ்டுடியோ 2022-இல் திறந்தபோது ‘ரீடார்கெட்’ (புதிய கம்பைலருக்கு மாற்றுவது) செய்யவா என்றது, சரி என்றேன். இப்போது நூற்றுக்கணக்கில் பிழைகள். எங்கே தொடங்குவது?

ப: அந்தச் ‘சரி’யில் தொடங்குங்கள். பழைய எஸ்டிகே, விஷுவல் ஸ்டுடியோ 2013-க்காக எழுதப்பட்டது. அதன் டூல்செட், அதாவது கம்பைலர் தொகுப்பு, வி120. அது இல்லாதபோதுதான் எம்எஸ்பி8020 என்ற பிழை வரும், அல்லது உங்களுக்கு வந்ததுபோல ரீடார்கெட் கேள்வி வரும். ஒப்புக்கொண்டால் வி143-க்கு மாறிவிடும். ஆனால் எஸ்டிகேயோடு வரும் லிப் கோப்புகள் ஏற்கெனவே கம்பைல் ஆனவை, அவை மாறாது. எல்லாவற்றையும் இணைத்து லிங்க் ஆகும் நேரத்தில் எல்என்கே2038 என்று வந்து, 1800-உம் 1900-உம் பொருந்தவில்லை என்று சொல்லும். 1800 என்பது 2013-இன் கம்பைலர். அந்த எண் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

வழி இரண்டு. பழைய குறியீடுதான் வேண்டும் என்றால் விஷுவல் ஸ்டுடியோ 2013-ஐயும் பக்கத்தில் நிறுவுங்கள், இரண்டும் ஒரே கணினியில் சண்டை போடாது. புதிதாகத் தொடங்குபவர் என்றால், 2025 பிப்ரவரியில் வால்வ் புதுப்பித்த எஸ்டிகேயை எடுங்கள், அது 2022-க்கு ஏற்றது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அப்புறம் அந்த நூற்றுக்கணக்கு. ‘எரர் லிஸ்ட்’ ஜன்னலில் தட்டும்போதே குறை பார்க்கும் இன்டெல்லிசென்ஸ் சொல்லும் புகார்களும் சேர்ந்தே வரும். மேலே உள்ள பட்டியலில் ‘பில்டு ஒன்லி’ என்று மாற்றுங்கள், பாதி காணாமல் போகலாம். அதற்கும் மேலே, ‘அவுட்புட்’ ஜன்னலைத் திறந்து முதல் பிழையை மட்டும் படியுங்கள். ஒரு ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்றால் (சி1083) அதை நம்பியிருக்கும் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே அழும். எனக்குக் கடைசி பத்து வரியைப் படம் பிடித்து அனுப்புகிறவர்களே அதிகம். கடைசி வரியில் இருப்பது பெரும்பாலும் ‘தோல்வி’ என்ற தகவல் மட்டும்தான், அது ஏற்கெனவே தெரிந்ததுதானே!

கே: நேற்று வரை என் சோர்ஸ் மாட் பில்டு ஆனது. இன்று எல்என்கே1104, கிளையன்ட் டிஎல்எல்லைத் திறக்க முடியவில்லை என்கிறது.

ப: விளையாட்டு பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் மூடுங்கள். மூடியும் வந்தால் அந்தக் கோப்பு ‘ரீட் ஒன்லி’யா என்று பாருங்கள்.

கே: ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனில் நான் எழுதிய ஸ்கிரிப்ட் நாலே வரி. ஸ்கைரிமின் ஸ்கிரிப்ட் மொழியான பாப்பிரஸின் கம்பைலரோ ஆப்ஜெக்ட்ரெஃபரன்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது என்கிறது. விளையாட்டின் சொந்த வகை அல்லவா அது?

ப: உங்கள் நாலு வரியில் முதல் வரியே ‘எக்ஸ்டெண்ட்ஸ் ஆப்ஜெக்ட்ரெஃபரன்ஸ்’ என்றுதான் இருக்கும். அதைப் புரிந்துகொள்ள கம்பைலருக்கு அந்த ஸ்கிரிப்டின் மூலக்கோப்பு, அதாவது பிஎஸ்சி, வேண்டும். கம்பைல் ஆன பிஇஎக்ஸ் போதாது. ஸ்கைரிமின் மாட் கருவியான கிரியேஷன் கிட் அந்த மூலக்கோப்புகளை ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற ஜிப்பாக டேட்டா ஃபோல்டரில் போட்டுவைத்திருக்கும். அதைப் பிரியுங்கள். கொடிக்கோப்பு (‘ஃபிளாக்ஸ்’) கிடைக்கவில்லை என்று கம்பைலர் புலம்பினாலும் மருந்து இதுதான்.

பிரித்தும் வரவில்லையா? பழைய ஸ்கைரிமில் மூலக்கோப்புகள் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ உள்ளே ‘சோர்ஸ்’, ஸ்பெஷல் எடிஷனில் ‘சோர்ஸ்’ உள்ளே ‘ஸ்கிரிப்ட்ஸ்’. யார் இப்படித் திருப்பிப்போட்டார்களோ! பழைய மாட்களின் மூலங்கள் முதல் இடத்தில் போய் உட்காரும், கம்பைலர் இரண்டாவது இடத்தில் தேடும். எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள், அல்லது கிரியேஷன் கிட்டின் ஐஎன்ஐ கோப்பில் மூல ஃபோல்டரைச் சொல்லும் வரியை மாற்றுங்கள். விளையாட்டை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே வைக்காமல் இருப்பதும் நல்லது. விண்டோஸ் அங்கே எழுத எளிதில் விடாது.

கே: என் விண்டோஸ் பயனர் பெயர் தமிழில் இருக்கிறது. பிழைச் செய்தியில் என் ஃபோல்டர் பெயர் வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது.

ப: பெயரைத் தமிழில் வைத்ததற்கு என் பாராட்டு, ஆனால் பழைய கருவிகளுக்கு அது எட்டாது. பெயரை மாற்ற வேண்டாம். சி டிரைவின் வேரிலேயே ‘மாட்ஸ்’ என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் ஒரு ஃபோல்டர் வைத்து பிராஜெக்டை அங்கே கொண்டுபோங்கள். கிரேடில் தன் சேமிப்பைப் பயனர் ஃபோல்டரில்தான் வைக்கும், அதற்கென்று உள்ள ‘கிரேடில் யூசர் ஹோம்’ மாறியையும் அங்கேயே திருப்பிவிடுங்கள். பாதை குட்டையாக இருப்பதில் இன்னொரு லாபம், 260 எழுத்து வரம்பில் இடிக்காது.

கே: என் மைன்கிராஃப்ட் மாட்டில் பிழையே இல்லை, பில்டு வெற்றி. ஆனால் விளையாட்டில் என் மாட் இல்லை.

ப: ‘பில்டு’ உள்ளே ‘லிப்ஸ்’ ஃபோல்டரில் இரண்டு ஜார் கோப்புகள் இருக்கும். ‘சோர்சஸ்’ என்று முடிவதை எடுத்திருப்பீர்கள், மற்றதைப் போடுங்கள். அதுவும் இல்லையென்றால், ஃபேப்ரிக் மாட்டை ஃபோர்ஜ் என்ற வேறு ஏற்றியில் ஏற்றுகிறீர்களா என்று பாருங்கள். ‘லாக்ஸ்’ ஃபோல்டரில் ‘லேட்டஸ்ட்’ என்ற கோப்பில், ஏற்றப்பட்ட மாட்களின் பட்டியலில் உங்கள் மாட்டின் ஐடி இருக்கிறதா என்று தேடிவிட்டு எழுதுங்கள்.