கரிப்பூட்டைப் பூஞ்சை தன் துணையை எப்படி அறிகிறது?

கேள்வி: எங்கள் கரும்பில் சில பயிர்களின் உச்சியிலிருந்து கருஞ்சாட்டை போல ஒன்று நீள்கிறது. அது கரிப்பூட்டை நோய் என்றும், அந்தப் பூஞ்சை இருவகையாக இருந்து ஒன்றுசேர்ந்தால்தான் பயிரைத் தாக்கும் என்றும் சொல்கிறார்கள். கண்ணோ காதோ இல்லாத உயிர் தன் துணையை எவ்வாறு கண்டுகொள்கிறது?
– வாசகர் ஒருவர், டொங்காட்

பதில்: அவர்கள் சொன்னது உண்மையே. நம் முன்னோர் 1860 முதல் ஒப்பந்தத் தொழிலாளராக வந்திறங்கிய இதே தென்னாப்பிரிக்க நேட்டாலில்தான் 1877இல் இந்நோய் முதன்முதலாகப் பதிவாயிற்று.

சாட்டையிலிருந்து உதிரும் கரும்பொடியின் ஒவ்வொரு வித்தும் முளைக்கும்போது, ஈஸ்டைப் போல அரும்பிப் பெருகும் ஒற்றைமய (ஒரே ஒரு தொகுதி குரோமோசோம் கொண்ட) உயிரணுக்களைத் தருகிறது. தனித்திருக்கும்வரை இவற்றால் கரும்புக்குத் தீங்கு நேர்வதில்லை. இவற்றில் ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது. தோற்றத்தில் வேறுபடாத இரண்டு இணைவகைகளே உண்டு. ஒவ்வொரு வகையும் ஃபெரோமோன் என்னும் சிறு புரதத் துணுக்கை வெளியிடுவதோடு, எதிர்வகையின் ஃபெரோமோனை மட்டும் பற்றும் ஏற்பிப் புரதத்தையும் தன் மேற்சவ்வில் கொண்டுள்ளது. ஏற்பி அதைப் பற்றியதும், கைனேஸ் என்னும், செய்தி கடத்தும் புரதங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தூண்டப்பட்டு, செய்தி உட்கருவை அடைகிறது. உயிரணு பிரிவதை நிறுத்தி, துணை இருக்கும் திசை நோக்கி மெல்லிய குழாயை நீட்டுகிறது.

இணைந்த பிறகும் ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது. என் கணிப்பில் இதுவே அனைத்திலும் வியப்பானது. நெருங்கிய உறவுடைய மக்காச்சோளக் கரிப்பூட்டையில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஒவ்வொரு உயிரணுவும் பிஇ, பிடபிள்யூ என்னும் இரு புரதங்களை உண்டாக்குகிறது. ஒரே உயிரணுவிலிருந்து வந்த பிஇயும் பிடபிள்யூவும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. வேறுபட்ட துணையிலிருந்து வந்தவை மட்டுமே இணைந்து, டிஎன்ஏவில் அமர்ந்து, இழைகளாக வளரவும் பயிருக்குள் நுழையவும் தேவையான மரபணுக்களை இயக்குகின்றன. ஆகவே இப்பூஞ்சைக்கு இனச்சேர்க்கையும் நோய் உண்டாக்கும் திறனும் ஒரே புரதச்சோடியின் பிடியில் இருக்கின்றன.

மக்காச்சோளப் பூஞ்சையில் ஃபெரோமோன் மரபணுக்களும் இந்தப் புரதங்களுக்கான மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் இணைவகைகள் பல. கரும்புப் பூஞ்சையிலோ அவை சேர்ந்தே கடத்தப்படுவதால் இணைவகைகள் இரண்டே. ஒரே வித்து முளைத்தாலும் இரு வகைகளும் அதிலிருந்தே பிறந்து, தமக்குள் இணைய முடியும் என்பதை விவசாயிகள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கோயம்புத்தூரில் கலப்பு செய்த விதையிலிருந்து நேட்டாலில் தேர்ந்தெடுக்கப்பட்ட என்சிஓ 310 போன்ற புகழ்பெற்ற இரகமும் இந்நோய்க்கு எளிதில் இரையாயிற்று. எனவே எதிர்ப்புத்திறனுள்ள இரகத்தை நடுங்கள். சாட்டை தென்பட்டால் பொடி பறக்குமுன் அதைப் பையால் மூடி வெட்டி, தூரோடு தோண்டி எரித்துவிடுங்கள்.