ஆறு வெள்ளைப் பொட்டு வண்டு: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் மானாவாரியாக நிலக்கடலை போட்டிருக்கிறேன். களை கொத்தும்போது கல்லுக்கடியில் இருந்து பெரிய கறுப்பு வண்டு ஒன்று ஓடியது. முதுகில் வெள்ளைப் பொட்டுகள். குச்சியால் தொட்டதும் எதையோ பீய்ச்சியது. பயிருக்குக் கெடுதலா? மருந்து அடிக்கலாமா?

பதில்: அடிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளம் ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா என்னும் தரைவண்டுக்குப் பொருந்துகிறது. முன்முதுகில் இரண்டு, பின்முதுகில் நான்கு, ஆக ஆறு பொட்டு. இது கடலையைத் தொடாது. இரவில் புழுவையும் பூச்சியையும் ஓடிப் பிடித்துத் தின்னும்.

இதற்குப் பறக்க முடியாது. மற்ற வண்டுகளுக்கு முதுகின் நடுவே பிரிந்து திறக்கும் மூடிகள் இதற்கு ஒட்டிப்போய் ஒரே ஓடாகிவிட்டன. உங்கள் ஊர் மாதிரி வறண்ட காட்டில் இது பெரிய வசதி. மூச்சுத்துளைகள் அந்த ஓட்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளிக்குள் திறப்பதால், உடம்பின் ஈரம் வெயில் காற்றோடு எளிதில் போய்விடாது. பகல் சூட்டுக்கு மண்ணுக்குள்ளோ கல்லுக்கடியிலோ பதுங்கிக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் அந்த நீளக் கால்களால் ஓடும் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்!

பீய்ச்சியது ஃபார்மிக் அமிலம், எறும்பிடம் இருப்பதுதான். அந்தப் பொட்டுகளும் 'கிட்டே வராதே' என்ற எச்சரிக்கைதான். ஆப்பிரிக்காவின் கலஹாரியில் ஒரு பல்லி இனத்தின் குட்டிகள், இதன் உறவுக்கார வண்டைப் போலவே கறுப்பு வெள்ளை நிறத்தோடு முதுகை வளைத்து நடந்து எதிரிகளை ஏமாற்றுகின்றன. அவ்வளவு மரியாதை இந்தக் குடும்பத்துக்கு.

எனக்கு இருக்கும் ஒரே கவலை, இது பறக்காது என்பதுதான். வரப்புக்குத் தீ வைத்தோ, குருணை மருந்து தூவியோ ஒரு காட்டில் அழித்துவிட்டால், தூரத்தில் இருந்து இன்னொன்று பறந்து வந்து அந்த இடத்தை நிரப்பாது. அதனால் வரப்போரப் புல்லையும் கல்குவியலையும் கொஞ்சமாவது விட்டுவையுங்கள். வழவழப்பான தொட்டியில் விழுந்து கிடந்தால் ஒரு சாய்வுக் கட்டை போடுங்கள், ஏறிவிடும்.

இரவில் விளக்கைத் தேடிப் பறந்து வரும் பெரிய வண்டு இதுவல்ல. தென்னை இருந்தால் அது காண்டாமிருக வண்டாக இருக்கலாம். எருக்குழியில் அதன் புழுவைத் தேடுங்கள்.

அப்புறம், இந்த வண்டை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், முகத்தருகே கொண்டு போகாதீர்கள். தோலில் பட்டால் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் பதினைந்து நிமிடம் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே கண் மருத்துவரைப் பாருங்கள்.