ஒரு நாட்டுல தடைன்னா எல்லா நாட்டுலயும் அழிச்சிடணுமா?

கேள்வி: தாத்தா கோலார் தங்கவயல்ல சுரங்க வேலை பார்த்தவர். அவரோட டிரங்க் பெட்டியில இருந்த பழைய தமிழ் புஸ்தகங்களை ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டுட்டு வர்றேன், ஓரத்தைத் தொட்டாலே பொடியா உதிருது. வெளிநாட்டு கேஸ்ல மாட்டிக்குவேன்னு ஜெர்மனியில இருக்குற தங்கச்சி பயமுறுத்துறா. நிறுத்திடவா?
- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க தம்பி. தங்கச்சி பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். அமெரிக்காவுல இருக்குற குட்டன்பர்க்ங்கிற இலவச இணைய நூலகத்து மேல ஒரு ஜெர்மன் பதிப்பகம் கேஸ் போட்டுச்சு, தாமஸ் மன், ஹைன்ரிஷ் மன், ஆல்ஃபிரட் டோப்ளின்னு மூணு ஜெர்மன் எழுத்தாளர்களோட 18 புஸ்தகத்துக்காக. அமெரிக்காவுல அதுக்கெல்லாம் காப்பிரைட் முடிஞ்சு போச்சு, ஆனா ஜெர்மனியில எழுத்தாளர் இறந்து 70 வருஷம் ஆகணும். 2018-ல ஃப்ராங்க்ஃபர்ட் கோர்ட் பதிப்பகம் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. குட்டன்பர்க்காரங்க அப்பீல் போனாங்க, அந்த 18-ஐ உலகத்துக்கே அழிக்க மாட்டோம்னு நின்னு, ஜெர்மனிக்கு மட்டும் மொத்த நூலகத்தையும் மூடிட்டாங்க, 2021-ல சமரசம் ஆகுற வரைக்கும் அங்க யாராலயும் திறக்க முடியல. அந்த வாசகர்களை நினைச்சா எனக்கு வயிறு எரியுது, ஆனாலும் அவங்க செஞ்சதுதான் சரி. அழிச்சிருந்தா அல்சூர்ல உக்காந்திருக்குற உங்களுக்கும் சேர்த்துல்ல போயிருக்கும்! மெக்சிகோவுல எழுத்தாளர் இறந்து 100 வருஷம் ஆகணும், அந்தக் கணக்கை எல்லாருக்கும் போட்டா 1948-ல இறந்த புதுமைப்பித்தன் கதைங்க 2048 முடியிற வரைக்கும் பூட்டுக்குள்ளதான்.

நம்ம நாட்டுலயும் நடந்திருக்கு. 2017 ஆகஸ்ட்ல ரெண்டு இந்திப் படத்தோட திருட்டு காப்பிய தடுக்க மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவு போட்டப்போ, பழைய இணையப் பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவையும் சேர்த்து பிளாக் பண்ணிட்டாங்க, சினிமாவுக்கு சம்பந்தமே இல்லாத பழைய பக்கங்களும் அதோட போச்சு.

உங்க வேலைக்கு வருவோம். ஒவ்வொரு புஸ்தகத்துலயும் எழுதினவர் இறந்த வருஷத்தைப் பாருங்க, இங்க அதுலேருந்து 60 வருஷம்தான். பெட்டியில அயோத்திதாசர் எழுத்து இருந்தா கண்ணை மூடிட்டு போடலாம், அவர் 1914-லயே இறந்துட்டார், ஜெர்மனி கணக்குலயும் எப்பவோ முடிஞ்சிடுச்சு. மொழிபெயர்ப்புன்னா மொழிபெயர்த்தவர் வருஷத்தையும் தனியா பாருங்க, இதைத்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. இறந்த வருஷம் தெரியாததை இப்போதைக்கு ஸ்கேன் மட்டும் பண்ணி வச்சுக்குங்க, காகிதம் காத்திருக்காது. ஒரு ஹார்ட் டிஸ்க்ல முழுசா காப்பி போட்டு தங்கச்சிகிட்டயே குடுத்து வைங்க, இங்க நாளைக்கு ஏதாவது தடை வந்தாலும் ஒண்ணு அங்க பத்திரமா இருக்கும்.