நூலக மேசையில் ஒரு கணிதப் பட்டதாரி

வணக்கம் ஐயா,

எம்.எஸ்ஸி. கணிதம் படித்தேன். ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்து, கடைசியில் கிளை நூலகர் வேலைதான் கிடைத்தது. காலையில் பெரியவர்கள் பேப்பர் படிக்க வருவார்கள். மாலையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். நடுவில் ஆளே இல்லை. சம்பளத்தில் குறையில்லை. ஆனால் நான் இல்லாவிட்டாலும் இங்கே எதுவும் மாறாது என்ற நினைப்பு தினமும் வருகிறது. இந்த வேலையில் எனக்கு எப்படிப் பிடிப்பு வரும்?

எம்.

அன்புள்ள எம்.,

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அவரே இந்த வேலையை விட்டு ஓடப் பார்த்தவர் என்பதைச் சொல்ல வேண்டும்.

சீர்காழிக்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். மாணவர்கள் நடுவே இருந்து பழகியவருக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை. சீக்கிரமே பழைய வேலையைத் திருப்பிக் கேட்டார். லண்டன் போய் நூலகப் பயிற்சி முடித்து வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் கணிதத்துக்கே திரும்பலாம் என்று ஏற்பாடாயிற்று.

அங்கே குழந்தைகளும் தொழிலாளிகளும் உரிமையோடு வந்துபோகும் நூலகங்களைப் பார்த்தார். ஒரு சிக்கலும் கண்ணில் பட்டது. நெற்பயிரில் வரும் நோய் பற்றிய புத்தகம் பயிருக்கும் சொந்தம், நோய்க்கும் சொந்தம். அதற்கு எந்தப் பொருளின் எண்ணைக் கொடுத்து அலமாரியில் வைப்பது? ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தபோது வழி தெரிந்தது. அதே தகடுகளையும் திருகுகளையும் வைத்து வேறு வேறு உருவம் செய்யலாம். புத்தகத்தின் பொருளையும் கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டலாமே! திருகின் இடத்தில் அவர் வைத்தது கோலன் (:) குறி. புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் கோலன் பகுப்பு முறை, 1933இல் வந்தது, அப்படிப் பிறந்தது. 1925இல் ஊர் திரும்பியவர் கணித வேலையைக் கேட்கவே இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அவருடைய கணக்கு அவிழ்க்கக்கூடிய முடிச்சு ஒன்று அந்த வேலைக்குள்ளேயே கிடந்தது என்பதுதான். பிடிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. இன்னொன்று, திரும்பிப் போகும் கதவு அவருக்குத் திறந்திருந்தது. நீங்களும் ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். அதில் குற்றவுணர்வு வேண்டாம்.

உங்கள் முடிச்சு மாலையில் வரும் பிள்ளைகளிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். குரூப் 4இல் திறனறிவுப் பகுதிக்கு 25 கேள்விகள். தமிழும் பொது அறிவும் தானே படித்துவிடலாம். தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம் என்று வந்தால் சொல்லித்தர ஆள் இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். டவுனில் கோச்சிங் சேர எல்லா வீட்டிலும் காசு இருக்காது. எம்.எஸ்ஸி. கணிதம் படித்த ஒருவர் பத்தடி தூரத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியுமா?

நாளை மாலை அவர்களில் ஒருவரிடம், எந்தக் கணக்கில் நிற்கிறாய் என்று கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்துவிட்டால், ஓரமாக ஒரு கரும்பலகை வைத்துக்கொள்ள மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.