பூனை வரை வந்தவர்

வணக்கம் ஐயா. பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனேயின் 'ஒலிம்பியா' ஓவியத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கட்டிலில் படுத்திருப்பவளின் பார்வை, கழுத்தில் கட்டிய கறுப்பு நாடா, காலில் தொங்கும் செருப்பு, கால்மாட்டில் நிற்கும் பூனை வரை வந்துவிட்டீர்கள். பூங்கொத்தை ஏந்தி நிற்கும் கறுப்பினப் பணிப்பெண்ணுக்கு ஒரு வரிகூட இல்லை. அதை இனவெறி ஓவியம் என்றே சொல்லிவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள தோழிக்கு,

மாட்டிக்கொண்டேன். கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடி படத்தை எடுத்துப் பார்த்தேன், வலது பக்கத்தில் பெரிய இடம் அவளுக்குத்தான்: வெளிறிய ரோஸ் நிற உடுப்பு, தலைத்துணி, காதில் தோடு, வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய பூக்கள். முகம் மட்டும் பின்னாலிருக்கும் இருண்ட திரைச்சீலையோடு பாதி கலந்துவிடுகிறது, ஆனால் அது எனக்குச் சாக்காகாது.

மாடலாக நின்றவர் பெயர் லோர். 'மிக அழகான கறுப்பினப் பெண்' என்று குறித்து, பாரிஸில் அவர் குடியிருந்த தெரு, வீட்டு எண், மூன்றாவது மாடி என்பதுவரை மனே தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது 1848இல், படம் வரையப்பட்டது 1863இல். படுத்திருக்கும் விக்டோரின் மெரானும் வசதியான வீட்டுப் பெண் இல்லை, மாடலாக நின்று பிழைத்தவர்தான். ஆனால் அவர் பிற்பாடு தானே ஓவியராகி, 1876இல் பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனில் இடம்பிடித்தார் (அந்த வருஷம் மனேயின் படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அது தனிக் கதை). லோரின் குடும்பப் பெயர்கூட மிஞ்சவில்லை.

இனவெறியா என்றால், அப்படி ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் அந்தப்புரக் காட்சி என்ற பேரில் கறுப்பினப் பெண்களை அரைநிர்வாணமாக வரைந்து தள்ளினார்கள், மனே இவளை முழு உடுப்போடு பாரிஸ்காரியாக நிறுத்துகிறார். அதற்காகக் கைதட்டவும் முடியவில்லை. படுத்திருப்பவளின் வெள்ளை மேனி இன்னும் பளிச்சென்று தெரிய இவளுடைய நிறம் உதவுகிறது. அவள் நம்மை நேருக்கு நேர் முறைக்க, இவள் கண் எஜமானியை விட்டு அகலவில்லை. வேலைக்காரி எங்கே பார்க்கலாம் என்பதில் மனேயும் வழக்கத்தை மீறவில்லை.

1865இல் படம் காட்சிக்கு வந்தபோது ஊரே கொதித்ததற்கு அந்த முறைப்பும் ஒரு காரணம். 2019இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் கறுப்பின மாடல்களைப் பற்றி நடத்திய கண்காட்சியில், படத்துக்கு 'லோர்' என்று தற்காலிகமாகப் பெயர் சூட்டியது. அப்புறம் பழையபடி ஒலிம்பியாதான்.

கட்டுரையில் லோருக்கு ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். பூனையை எடுக்கவில்லை.